சாய்ந்தான்குளத்தில் மௌன வாசிப்பு

சாய்ந்தான்குளத்துக்காரர்களிடம் குறை என்று எதையும் சொல்ல முடியாது. யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அந்த ஒரு நல்ல குணத்தை மட்டும் அவர்களிடமிருந்து யாராவது பிடுங்கியிருந்தால் ஊர் என்றைக்கோ உருப்பட்டிருக்கும்.

டவுன் பஸ்ஸில் 'வண்டி நின்ற பின் இறங்கவும்' என்று எழுதியிருப்பதை யாரோ அவர்களுக்கு வாசித்துச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஊர் ஸ்டாப்பில் ஒருவரும் இறங்குவதில்லை. என்ஜின் உறுமிக்கொண்டிருக்கும்போது வண்டி நின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது? டிப்போ வரைக்கும் போய், டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே குதித்த பிறகு இவர்களும் இறங்கி, ஏழு மைல் நடந்து வீடு வந்து சேர்வார்கள். கால் வலிக்கும், ஆனால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

அந்த ஊருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு வாத்தியார் வாய்த்தார். பொன்னுலிங்கம் சார். ஐந்து வகுப்பு, ஒரே அறை, பதினேழு பிள்ளைகள். தலைமையாசிரியரும் அவர்தான், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரே ஆசிரியரும் அவர்தான். உடம்புக்கு முடியாமல் போனால் ஆசிரியராக உட்கார்ந்து லீவு விண்ணப்பம் எழுதுவார். எழுந்து போய்த் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, 'வேறு ஆள் இல்லாததால் அனுமதிக்க இயலாது' என்று கையெழுத்துப் போடுவார். பிறகு இருமிக்கொண்டே வகுப்புக்குப் போவார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தைத் தவிர அவருக்கு வேறு உலகம் தெரியாது. பதினேழு பிள்ளைகளும் அவருக்கு உயிர்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் கல்வி அதிகாரி அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ஒரு பையனை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார். அவன் மூன்றாம் பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் கடகடவென்று ஒப்பித்தான். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அதிகாரி அதை வாங்கி நேராக்கிக் கொடுத்தார். அவன் பாடத்தைக் கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தான்.

அதிகாரி கைப்பையிலிருந்து ஏதோ ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். பதினேழு பிள்ளைகளும் அதைப் பயபக்தியோடு பார்த்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

"மூணு மாசம் டைம் தர்றேன் சார்," என்றார் அதிகாரி. "நான் திரும்பி வரும்போது இதுல ஒரே ஒரு பிள்ளை, இதுவரைக்கும் பார்க்காத தாளை எடுத்துத் தடுமாறாம வாசிச்சாப் போதும். பள்ளிக்கூடத்தை மூட மாட்டேன். இல்லைன்னா எல்லாரையும் நிமிர்ந்தான்குளத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திருவேன்."

நிமிர்ந்தான்குளம் கால்வாய்க்கு அந்தப் பக்கம், இரண்டு மைல். இரண்டு ஊருக்கும் பகை. என்ன காரணத்துக்காகப் பகை என்று இரண்டு ஊருக்குமே தெரியாது. ஆனாலும் பகையில் இரண்டு ஊரும் ஒரு குறையும் வைக்கவில்லை. அங்கே போய்ப் பிள்ளைகள் படிப்பதா என்று பொன்னுலிங்கம் பதறிப்போனார்.

வாசிப்பை எப்படி வளர்க்க வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்றையும் அதிகாரி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்குச் சாயங்காலமே பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. குழுத் தலைவி ஆவுடைத்தாய் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். அவள் மகள் பேச்சி மூன்றாம் வகுப்பு. டீக்கடை சொரிமுத்து அண்ணாச்சி வந்தார். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் போடும் மாசானமும் வந்தான். பொன்னுலிங்கம் தாளை வாசித்தார்.

"'எழுத்தின் மேல் விரலை வைத்து வாசிக்கப் பழக்கவும்.'"

சொரிமுத்து அண்ணாச்சி எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்தார். உற்றுப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"சார், எழுத்தைக் காணும்."

"விரலுக்கு அடியில இருக்கும், அண்ணாச்சி."

"இருக்கும்னு எப்பிடி நம்புதது? எடுத்துப் பாத்தால்லா தெரியும்?"

"எடுத்தா எழுத்து தெரியும். ஆனா விரல் வச்ச மாதிரி ஆவாதே," என்றான் மாசானம். "உத்தரவு போயிருமே வே."

"எழுத்துக்குப் பக்கத்துல வைக்கலாம்லா?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

மூன்று ஆண்களும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "மேலன்னு அச்சுல போட்டிருக்கு தாயி," என்றார் பொன்னுலிங்கம். "பக்கத்துலன்னு போட அவுகளுக்குத் தெரியாதா?"

ஒரு மணி நேரம் யோசித்து முடிவுக்கு வந்தார்கள். பிள்ளைகள் எழுத்தின் மேல் விரலை வைக்க வேண்டியது. சற்று நேரம் கழித்து விரலை எடுத்து, எழுத்து அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது. மறுநாள் முதல் வகுப்பில் அதுதான் வேலை. "இருக்கா?" என்பார் பொன்னுலிங்கம். "இருக்கு சார்!" என்பார்கள் பதினேழு பேரும். அடுத்த எழுத்துக்குப் போவார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கத்தை எழுத்துகளுக்கென்றே ஒதுக்கினார். ஒரு மாதம் முடிந்தபோது, இரண்டாம் பாடம் வரைக்கும் ஒரு எழுத்துகூட ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்று தெரிந்தது. பிள்ளைகள் அடிக்கடி போடுவார்கள். எழுத்துகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பொன்னுலிங்கம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொன்னார்.

இரண்டாவது மாதத்தில் தாளின் அடுத்த வரிக்கு வந்தார்கள். 'தினமும் மௌன வாசிப்பு நடத்த வேண்டும். அப்போது சத்தம் அறவே கூடாது. மேலாண்மைக் குழு இதைக் கண்காணிக்க வேண்டும்.'

இது விரல் விஷயம் போல் இல்லை. பிள்ளைகளுக்கு இயல்பாகவே வந்தது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதினாறு பேரும் கம்மென்று உட்கார்ந்துவிட்டார்கள். பொன்னுலிங்கம் ஒவ்வொரு பிள்ளையின் வாயருகிலும் காதைக் கொண்டுபோனார். ஒரு சத்தமும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக வராத வாசிப்பு ஒரே நாளில் வந்துவிட்டதே என்று அவருக்குக் கண் கலங்கியது.

பதினேழாவது பிள்ளைதான் பிரச்சினை. பேச்சியின் வாயருகில் காதைக் கொண்டுபோனபோது, "ம... ர... ம்... மரம்," என்று கேட்டது.

"பேச்சி, இது மௌன வாசிப்பு."

"வாசிச்சா சத்தம் வருது சார். நான் என்ன செய்ய?"

"மத்த பிள்ளைவளுக்கு வரலையே!"

"அவுக வாசிக்கல சார்."

இப்படி ஒரு பொறாமை பிடித்த பேச்சை அந்தச் சின்ன வாயிலிருந்து அவர் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கே ஆவுடைத்தாயைக் கூப்பிட்டுவிட்டார். அவள் பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஊர்ப் பள்ளிக்கூடத்தை என் வயித்துல பொறந்ததுதானா மூட வைக்கணும்? வீட்டுலயும் இதே கூத்துதான் சார். பீடிக்கட்டு லேபிளை எடுத்து வச்சுக்கிட்டு எழுத்துக் கூட்டிக் கூட்டிச் சத்தம் போடுதா. அடக்கவே முடியல."

சொரிமுத்து அண்ணாச்சி கடையிலிருந்து எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கமர்கட் கொண்டுவந்து பேச்சியின் வாயில் போட்டார். வாசிப்பு நின்றது. அரை மணி நேரத்தில் கமர்கட் கரைந்தது. "மரத்தில்... கிளி... இருந்தது," என்று வாசிப்பு திரும்ப வந்தது. விட்ட இடத்திலிருந்தே வந்ததுதான் எல்லோருக்கும் அதிர்ச்சி.

மற்றப் பிள்ளைகள் வாசிப்பதை ஊர் அறிய வேண்டும் என்று ஆசைப்பட்டான் மாசானம். மைக்கைக் கொண்டுவந்து வகுப்பில் வைத்தான். குழாய் ஸ்பீக்கரை வாசலில் நின்ற வேப்பமரத்தில் கட்டினான். 'ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்' என்று சொல்லிப் பார்க்காமல் அவனுக்குக் கை ஓடாது. ஆனால் மௌன நேரமாயிற்றே! வாயை மட்டும் அசைத்துச் சொன்னான். ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. மைக் நன்றாக வேலை செய்கிறது என்று தலையாட்டிக்கொண்டான்.

பெற்றவர்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் வந்து நின்றார்கள். மைக்கை ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் ஐந்து நிமிஷம் வைத்தார்கள். ஸ்பீக்கர் சும்மா இருந்தது.

"இது யாரு வாசிக்கது?"

"உன் மவன்தான்."

"ஆத்தாடி, எவ்வளவு சுத்தமா வாசிக்கான்!" என்று அந்தத் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் குற்றாலிங்கம் என்ற பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, அவன் வீட்டில் படுத்துவிட்டான். வரிசைப்படி மைக்கைக் கொண்டுபோன மாசானம் அவனுடைய காலி இடத்துக்கு முன்னாலும் ஐந்து நிமிஷம் வைத்தான். பிறகு வேர்க்க விறுவிறுக்க பொன்னுலிங்கத்தை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"சார், மத்த பிள்ளைவ வாசிக்கையில மூச்சு விடுத சத்தமாவது கேக்கு. ஒருத்தன் மூக்கை உறிஞ்சுதான், பெஞ்சு கிரீச்சுங்குது. குற்றாலிங்கம் எடத்துல அதுகூட இல்ல. சொக்கத் தங்கம்!"

பொன்னுலிங்கம் தாமே போய்க் காது கொடுத்துக் கேட்டார். உண்மைதான். அப்படி ஒரு அப்பழுக்கற்ற வாசிப்பை அவர் ஆயுளில் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை சிறந்த வாசிப்பாளர் பரிசாக ஒரு எவர்சில்வர் தம்ளரைக் குற்றாலிங்கத்தின் இடத்தில் வைத்து எல்லோரும் கைதட்டினார்கள். சத்தம் வராமல்தான்.

மற்றப் பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா? திங்கட்கிழமை நான்கு பேர் பிள்ளைகளை அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்பது பேர் வரவில்லை. வகுப்பின் தரம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. வீட்டில் நின்ற பிள்ளைகள் தெருவில் போட்ட கூச்சல்தான் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து அதைக் கெடுத்தது. குழு அவசரமாகக் கூடியது.

"பகல் நேரத்துல பிள்ளைவள ஊரை விட்டே வெளிய அனுப்பணும்," என்றார் சொரிமுத்து அண்ணாச்சி. "சத்தம் போட்டாலும் ஏன்னு கேக்க ஆளில்லாத எடமாப் பாத்து."

"அப்பிடி எடம் எங்க இருக்கு?"

ஆவுடைத்தாய் யோசித்துக்கொண்டே இரண்டு பீடி சுற்றினாள். பிறகு அவள் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. "நிமிர்ந்தான்குளத்துப் பள்ளிக்கூடம் இருக்கே! நம்ம சத்தத்தையெல்லாம் அங்க கொண்டுபோய்க் கொட்டிட்டா, அவுக வாசிப்பு நாசமாப் போவும். அதிகாரி அம்மா வந்து பாத்து, அவுக பள்ளிக்கூடத்தைல்லா மூடுவாக!"

மூன்று ஆண்களும் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார்கள்.

மறுநாள் முதல் பதினேழு பிள்ளைகளும் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி நிமிர்ந்தான்குளத்துக்குப் போனார்கள். குற்றாலிங்கம் வீக்கம் வடிந்து முதல் வரிசையில் போனான். "நல்லா வாயை விட்டு வாசிங்கலே, கூரை பறக்கணும்," என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பேச்சிக்குக் கமர்கட் கிடையாது. அந்த ஊர் வாத்தியார் பாவம், விவரம் தெரியாதவர். வந்த பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

இங்கே பொன்னுலிங்கம் மணியின் நாக்கில் துணியைச் சுற்றி அடித்தார். மௌன வாசிப்பு இப்போது ஒன்றிரண்டு மணி நேரம் அல்ல, காலை ஒன்பதிலிருந்து நாலு வரைக்கும். குழுவினர் மூவரும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கண்காணித்தார்கள். காலிப் பெஞ்சுகளைப் பார்க்கும்போது மத்தியானத்தில் அவருக்கு நெஞ்சு என்னமோ செய்யும். யாராவது வந்து "சார், இவன் கிள்ளுதான்" என்று புகார் சொல்ல மாட்டார்களா என்று ஏங்குவார். இவ்வளவு நன்றாக வாசிப்பு நடக்கும்போது வாத்தியார் இப்படிக் கலங்கலாமா என்று தம்மையே கடிந்துகொள்வார்.

மூன்று மாதம் முடிந்த அன்றைக்கு ஜீப் வந்தது. அதிகாரி உள்ளே நுழைந்தார். பதினேழு இடங்களிலும் பதினேழு புத்தகங்கள் திறந்திருந்தன. முன்னால் ஒரு மைக் இருந்தது. பொன்னுலிங்கம் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு பெருமையோடு சிரித்தார்.

"பிள்ளைங்க எங்க சார்?" என்று அதிகாரி மைக்குக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டார். வேப்பமரம் அதிர்ந்தது. "எந்தப் பிள்ளைலே இப்படிக் கத்தி வாசிக்கு?" என்று தெருவில் நாலு பேர் கோபித்துக்கொண்டார்கள். மாசானம் பாய்ந்து மைக்கை அணைத்தான்.

பொன்னுலிங்கம் சிலேட்டில் எழுதிக் காட்டினார். 'வாசிக்கிறார்கள்.'

அதிகாரி சிலேட்டைப் பார்த்தார். பெஞ்சுகளைப் பார்த்தார். கடைசிப் பெஞ்சில் மூன்று பேர் ஏககாலத்தில் தலையாட்டுவதைப் பார்த்தார். பிறகு அவரும் பேசவில்லை. மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார். முத்திரை குத்தினார். மேஜை மேல் இருந்த பசையைத் தடவித் தாளைக் கதவில் ஒட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

எழுத்து வாசனை இல்லாத குழுவினர் மூவரும் பொன்னுலிங்கத்தைக் கதவுக்கு முன்னால் தள்ளினார்கள். அவர் மௌனமாக வாசித்தார். வாசித்து முடித்தபோது அவருக்குக் கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. இருபத்திரண்டு வருஷம்! வாய்விட்டு அழலாம் என்றால் நாலு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சத்தம் இல்லாமல் அழுதார். நல்ல சேதிதான் என்று புரிந்துகொண்டு மூவரும் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

நாலு மணிக்குப் பிள்ளைகள் பாலத்தைத் தாண்டி ஓடிவந்தார்கள். பேச்சி முதலில் வந்து கதவுக்கு முன்னால் நின்றாள். விரலை எழுத்துக்குக் கீழே ஓட்டிக்கொண்டு, அந்த ஊர்க் கூரையைப் பறக்கவிட்ட குரலில் வாசித்தாள்.

"'இப்பள்ளி இன்று முதல் மூடப்படுகிறது. மாணவர்கள் அனைவரும் நிமிர்ந்தான்குளம் பள்ளிக்கு மாற்றப்படுகிறார்கள்.'"

ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. 'மாற்றப்படுகிறார்கள்' என்ற நெடுஞ்சொல்லில்கூட மூச்சு வாங்கவில்லை.

ஆவுடைத்தாய் போட்ட குலவையில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. "எம் மவ வாசிச்சுட்டா! சார், எம் மவ வாசிச்சுட்டா!"

பொன்னுலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். "பேச்சி, இந்தத் தாளை இதுக்கு முன்ன பாத்திருக்கியா?"

"இல்ல சார். இப்பம்தான் பாக்கேன்."

"புதுத் தாளு!" என்று கத்தினார் பொன்னுலிங்கம். "ஒரே ஒரு பிள்ளை, பாக்காத தாளைத் தடுமாறாம வாசிச்சா மூட மாட்டேன்னு அந்த அம்மா வாயால சொல்லிருக்காவ. நம்ம பள்ளிக்கூடம் பிழைச்சுட்டு!"

சொரிமுத்து அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகம். "ஆனா சார், மூடியாச்சுன்னுல்லா தாள்ல போட்டிருக்கு?"

"போட்டிருக்கத்தான் செய்யுது. அதைத்தான் வாசிச்சுட்டாளே அண்ணாச்சி! இதை யாரும் வாசிக்காம இருந்தாத்தான் பள்ளிக்கூடத்தை மூடணும்."

"அம்மாவுக்கு என்ன ஒரு நல்ல மனசு," என்றான் மாசானம். "கேள்வித்தாளைக் கதவுலயே ஒட்டிட்டுல்லா போயிருக்காவ!"

மைக்கைக் கதவுக்கு முன்னால் நட்டார்கள். பேச்சி மறுபடி வாசித்தாள். பள்ளிக்கூடம் மூடப்பட்ட சேதி வேப்பமரத்திலிருந்து ஊர் முழுக்க முழங்கியது. ஜனங்கள் பட்டாசு வெடித்தார்கள். அண்ணாச்சி கடையில் எல்லோருக்கும் சும்மா டீ. குற்றாலிங்கத்தின் எவர்சில்வர் தம்ளர் பேச்சிக்குக் கைமாறியது.

"இன்னைக்கு வாசிச்சாச்சு," என்றாள் ஆவுடைத்தாய் திடீரென்று கவலையோடு. "நாளைக்கு?"

"நாளைக்கும் வாசிக்கணும்," என்றார் பொன்னுலிங்கம். "ஒரு நாள் விட்டாலும் மூடியிரும்லா?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மணியில் துணி இல்லை. பதினேழு பிள்ளைகளும் பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையில் நின்று, தங்கள் பள்ளிக்கூடம் மூடப்பட்டதைப் பேச்சி வாசிக்க வாசிக்க, தொண்டை கிழியச் சொன்னார்கள். பிறகு பேச்சி ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து எடுத்துப் பார்த்தாள்.

"எல்லா எழுத்தும் வந்திருக்கு சார்!"

பொன்னுலிங்கம் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தைத் திறந்தார்.